சுவருக்குக் காப்பிக் கலர் பூசலாமா?

பழுப்பு வர்ணம் என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். "என்ன ஸார் இது, வீட்டைத் தாலுகா ஆபீஸ் ஆக்கப் போகிறீர்களா?" என்று கேட்பார்கள்.

அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், கச்சேரி என்று நாம் போய்க் காத்துக்கிடந்த இடங்களில் பல, தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு ஓர் எண்ணெய்ப் பெயின்ட்டைப் பூசிக்கொண்டு நின்றவைதாம். சாக்லேட்டும் அல்லாத, செங்கல்லும் அல்லாத, பளபளவென்று மினுக்குகிற ஒரு நிறம். ஜனங்கள் சாய்ந்து நிற்கும் இடம். தலை எண்ணெய் படியும் இடம். அழுக்குத் தெரியக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விட வேண்டும். அந்தக் காரியத்துக்கு அது சரியான பூச்சுதான். ஆனால், அங்கே காத்திருந்த சலிப்பும் அந்த நிறத்தோடு நம் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது!

இப்போது அதே பழுப்பு, வேறு பெயரில், வேறு உடையில், வீட்டுக்குள்ளே வந்திருக்கிறது. மோக்கா என்கிறார்கள், டெரகோட்டா என்கிறார்கள், கேரமல் என்கிறார்கள். கல்யாணத்துக்கு வீட்டை ஒழுங்கு பண்ணுகிறவர்களும், புது அடுக்கு மாடி வீட்டில் பால் காய்ச்சுகிறவர்களும், ஹாலில் ஒரு சுவருக்காவது இதைப் பூசிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். பூசலாம். ஆனால், இந்த நிறத்தின் குணம் ஒரு விசித்திர குணம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பூசினால் பணமும் போகும், மறுபடி தாலுகா ஆபீஸும் வந்து சேரும்.

ஒருவனுக்குக் கிரீடம், ஒருவனுக்குச் சிறை

வர்ணங்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்து உலகம் முழுவதும் விற்பனை செய்யும் அமெரிக்கக் கம்பெனி பான்டோன். வருஷத்துக்கு ஒரு வர்ணத்தைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இந்த ஆண்டின் வர்ணம்' என்று அறிவிப்பது அதன் வழக்கம். 2025ஆம் ஆண்டுக்கு அது அறிவித்தது 'மோக்கா மூஸ்' என்ற பழுப்பு. பால் தாராளமாக விட்ட காப்பியின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கம்பெனியின் அட்டையில் 448 சி என்று இன்னொரு பழுப்பு இருக்கிறது. கொஞ்சம் பச்சை கலந்த, சேறு போன்ற கரும் பழுப்பு. சிகரெட் பெட்டியைப் பார்த்தால் வாங்கவே தோன்றக் கூடாது. அதற்கு எந்த நிறம் பொருத்தம் என்று ஆஸ்திரேலிய சர்க்கார் ஆராய்ச்சி செய்தபோது, ஜனங்கள் வெறுத்த நிறமாகத் தேர்வானது இதுதான். 2012 டிசம்பர் முதல் அந்த நாட்டில் எல்லா சிகரெட் பெட்டிகளும் இந்த நிறத்தில்தான் விற்கப்படுகின்றன.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவனுக்குக் கிரீடம், ஒருவனுக்குச் சிறை. இடையில் இருக்கும் வித்தியாசமோ, ஒன்றில் சிவப்புச் சாயை, மற்றதில் பச்சைச் சாயை. ஒன்று கொஞ்சம் வெளுப்பு, மற்றது கறுப்பு. அவ்வளவே! கடையில் உட்கார்ந்து சின்ன அட்டையைப் பார்த்துப் பழுப்பைத் தேர்ந்தெடுப்பது எத்தனை ஆபத்தான காரியம் என்பது இதிலிருந்து தெரியும்.

வானவில்லில் இல்லாத நிறம்

வானவில்லில் பழுப்பு இருக்கிறதா? தேடிப் பாருங்கள். இல்லை. பழுப்பு என்று தனியாக ஓர் ஒளி கிடையாது.

அப்படியானால் நாம் பார்ப்பது என்ன? ஆரஞ்சுதான்! மங்கிய ஆரஞ்சு ஒளி, தன்னைவிடப் பிரகாசமான பொருள்களுக்கு நடுவே இருக்கும்போது நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதைப் 'பழுப்பு' என்று தீர்மானிக்கின்றன. சுற்றிலும் பிரகாசம் இல்லாவிட்டால் பழுப்பும் இல்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கையிலுள்ள செல்போனில் பழுப்பு நிறத்தைத் திரை முழுவதும் நிறைத்துவிட்டு, இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது பழுப்பாகத் தெரியாது. மங்கலான ஆரஞ்சாகத் தெரியும். இப்போது அந்தப் பழுப்பைச் சுற்றி வெள்ளைக் கரை வரும்படி செய்யுங்கள். உடனே பழுப்பு திரும்பி வந்துவிடும்! அந்தப் பழுப்புப் பகுதியிலிருந்து புறப்படும் ஒளியில் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாறினான், இவன் நிறம் மாறிவிட்டது.

வீட்டுச் சுவரில் பழுப்புப் பூசுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இதுவே. நீங்கள் டப்பாவில் வாங்குவது பாதி வர்ணம். மீதிப் பாதியைக் கொடுப்பவை ஜன்னலும், விளக்கும், தரையும், கதவும், மேல்தளமும்.

பெயின்ட் அடிக்கும் வீடுகளில் இந்தச் சம்பாஷணையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது:

"என்ன மேஸ்திரி, கடையிலே பார்த்த கலர் இப்படி இல்லையே! ரொம்பக் கறுத்துப்போச்சே!"

"காய்ந்தால் சரியாகிவிடும் அம்மா."

காய்கிறது. சரியாகவில்லை. மேஸ்திரி மேல் குற்றமில்லை. கடைக்காரர் மேலும் இல்லை. கடையில் பத்துக் குழல் விளக்குக்கு நடுவே, வெள்ளை அட்டையில், தபால் தலை அளவில் பார்த்த நிறம், வீட்டில் ஒற்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் நூற்றிருபது சதுர அடியாக நிற்கும்போது வேறு நிறமாகத்தான் இருக்கும்.

பெயர் இல்லாத பிள்ளை

இந்த நிறத்துக்கு நாம் சரியான ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. 'பழுப்பு' என்கிறோம்; ஆனால், பழுத்த இலையும் பழைய காகிதமும் பழுப்புத்தான், மஞ்சளோடு சேர்ந்தது அது. ஆகையால் கடைக்குப் போனால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. காப்பிக் கலர், மரக் கலர், சாக்லேட் கலர், பாக்குக் கலர், அரக்கு என்று பொருளைக் காட்டியே நிறத்தைச் சொல்கிறோம். இலங்கைத் தமிழர்கள் நம்மைவிடத் தெளிவு. அவர்களுக்கு 'மண்ணிறம்' உண்டு, 'கபிலம்' உண்டு.

இது நமக்கு மாத்திரம் உள்ள குறை அல்ல. பிரென்ட் பெர்லின், பால் கே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் 98 பாஷைகளில் நிறப் பெயர்களைப் பரிசீலித்து 1969இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கறுப்பு, வெள்ளைக்கு அடுத்துச் சிவப்பு, பிறகு பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம். இவற்றுக்கெல்லாம் தனிப் பெயர் கிடைத்த பிறகே பழுப்புக்குப் பெயர் கிடைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மனிதன் தினமும் மிதித்து நடக்கும் மண்ணின் நிறத்துக்குப் பெயர் வைக்க அவனுக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது!

மண்ணிலிருந்து வந்தது

பெயர் பிந்தி வந்தாலும், பொருள் முந்தி வந்தது. விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் பாறைமேல் தீட்டியிருக்கும் பழங்கால ஓவியங்களைப் போய்ப் பாருங்கள். எல்லாம் செங்காவி. காவிக்கல் என்பது இரும்புத் துரு கலந்த மண். அதே காவியைத்தான் கோயில் மதில்களில் வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவே பட்டை பட்டையாக அடிக்கிறோம். மார்கழி மாதத்தில் கோலத்துக்குச் செம்மண் கரை கட்டுகிறோம். சூடான பழுப்பு என்று கம்பெனிகள் இன்று விற்பதற்கெல்லாம் மூதாதை இந்தக் காவிதான்.

மஞ்சள் மண்ணில் இரும்பும் ஆக்ஸிஜனும் தண்ணீரோடு சேர்ந்திருக்கின்றன. அதை அடுப்பிலிட்டுச் சுட்டால் தண்ணீர் வெளியேறிவிடும். மஞ்சள் மறைந்து சிவப்பு வரும். குயவர் சூளையில் பானை சிவப்பதும், செங்கல் சிவப்பதும் இந்தக் காரணத்தினாலேதான். இத்தாலியில் ஸியன்னா என்ற ஊரின் மண் இதற்குப் பேர்போனது. சுடாதது மஞ்சள் கலந்த பழுப்பு, சுட்டது செம்பழுப்பு. ஓவியர்கள் இன்றும் அதை 'சுட்ட ஸியன்னா' என்றே அழைக்கிறார்கள். இரும்போடு மாங்கனீஸும் சேர்ந்திருந்தால் இன்னும் ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். அதற்குப் பெயர் 'அம்பர்'. சைப்ரஸ் தீவின் மண்ணில் இது அதிகம். அதிலுள்ள மாங்கனீஸ், எண்ணெயைச் சீக்கிரம் உலர வைக்கும்.

இந்த இரும்பு வர்ணங்களுக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. வெயிலில் வெளுக்காது, சுண்ணாம்பு, சிமெண்டின் காரத்துக்கும் மசியாது. பல அழகான நீலங்களும் சிவப்புகளும் சிமெண்டுச் சுவரில் நிறம் இழந்துபோகும்போது, காவி அசையாமல் நிற்கும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களின் செம்பழுப்பும், பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்டு போட்டு இழைத்த தரையும் பல தலைமுறை கண்டும் மங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பழுப்பு எல்லாமே மண்ணிலிருந்து வந்ததா? ஒன்று மனிதனிடமிருந்தே வந்தது! எகிப்து தேசத்தில் பதப்படுத்திப் புதைத்த பிணங்களை அரைத்துப் 'மம்மி பழுப்பு' என்ற வர்ணம் செய்து ஐரோப்பாவில் விற்றார்கள். படம் எழுதிய பலருக்கு அது எதனால் ஆனது என்றே தெரியாது. இங்கிலாந்தில் எட்வர்ட் பர்ன் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியருக்கு ஒருநாள் உண்மை தெரிந்தது. பதறிப்போய், தம்மிடமிருந்த வர்ணக் குழாயை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் குழி வெட்டி முறைப்படி அடக்கம் செய்துவிட்டார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த சிறுவன், பம்பாயில் பிறந்து பின்னால் பெரிய எழுத்தாளரான ரட்யார்ட் கிப்ளிங். ஓவியர் அவருக்குச் சித்தப்பா முறை. கடைசியாக 1964இல்தான் லண்டனில் வர்ணம் விற்ற ராபர்சன் கம்பெனிக்காரர், மம்மி கையிருப்புத் தீர்ந்துவிட்டது என்று சொன்னார். இன்று அந்தப் பெயரில் எங்காவது டப்பா கண்ணில் பட்டாலும் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது இரும்புத் துருதான்.

எந்தச் சுவர்?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. நாலுக்கும் ஆழ்ந்த பழுப்பு பூசினால் என்ன ஆகும்? வெள்ளைச் சுவர், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி அனுப்பும். ஆழ்ந்த பழுப்போ ஏறக்குறைய பத்து, பதினைந்து பங்குதான் அனுப்பும். வெள்ளை அறையில் விளக்கொளி சுவருக்குச் சுவர் பந்துபோல அடிபட்டுத் திரும்பித் திரும்பி வருகிறது. பழுப்பு அறையில் முதல் சுவரே அதை விழுங்கிவிடுகிறது. அதே விளக்கு, அதே கரண்டு, வெளிச்சம் மாத்திரம் குறைவு.

ஆகையால் ஆழ்ந்த பழுப்பு பூச நினைப்பவர்கள் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பன்னிரண்டடிச் சுவர் ஒன்று என்றால் 120 சதுர அடி. செலவும் அந்த அளவுக்குக் கட்டுப்படும். எனக்கு நாலு சுவரும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், பால் காப்பியைவிட ஆழமான நிறத்துக்குப் போகாமல் இருக்கட்டும்.

ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டவே வேண்டாம். பகலில் ஜன்னல் பளீரென்று எரியும், அதைச் சுற்றியுள்ள பழுப்பு அந்தப் பிரகாசத்துக்குப் பக்கத்தில் கன்னங்கறேல் என்று தெரியும், கண்ணும் கூசும். முன்னே சொன்ன செல்போன் வித்தைதான் இது. ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஒளி அதன்மேல் வழிந்துகொண்டே போகும். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் காட்டும்.

மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் உள்ளே வருமானால், செம்பழுப்பு தணல்போல் இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். சித்திரை, வைகாசியில் பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டின் வெளிச்சுவருக்கு, அதிலும் மேற்குச் சுவருக்கு, கரும்பழுப்பு நம் ஊர் வெயிலில் கூடாது. உஷ்ணத்தை அது வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி உள்ளே விடும்.

சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் வெளிச்சம் முக்கியம். அங்கே பழுப்புக்கு வேலை இல்லை. படுக்கை அறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு இதைப்போல் பொருந்தும் நிறம் வேறில்லை. பூஜை அறைக்கும் சொல்லலாம். குத்துவிளக்கின் ஒளி ஆரஞ்சுச் சாயை உள்ளது. பழுப்பு எந்த நிறத்தை நன்றாகத் திருப்பி அனுப்புகிறதோ, அதே நிறம் அந்த ஒளியில் நிறைந்திருக்கிறது. ஐந்து முகம் ஏற்றினால் சுவரே எழுந்து வருவதுபோல் இருக்கும்.

முதலில் விளக்கை மாற்றுங்கள்

நம் வீடுகளில் பழுப்பு தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணம், என் அபிப்பிராயத்தில், பெயின்ட் அல்ல, குழல் விளக்குத்தான்.

விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியின் பக்கத்தில் பாருங்கள். 6,500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை ஒளி. 2,700 அல்லது 3,000 என்று போட்டிருந்தால் பழைய குண்டு பல்பைப் போன்ற மஞ்சள் ஒளி. 'வெளிச்சம் பளிச்சென்று இருக்க வேண்டும்' என்று நாம் பெரும்பாலும் 6,500ஐயே வாங்கி மாட்டுகிறோம். அந்த ஒளியில் பழுப்புச் சுவர் சாம்பல் பூத்துப்போகும். முகங்களும் களையிழந்து தெரியும். அதே சுவருக்கு 2,700 விளக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெயின்ட் மாற்றியதுபோல் இருக்கும். பெயின்ட்டின் விலை எங்கே, பல்பின் விலை எங்கே!

பெட்டியில் இன்னொரு எண்ணும் உண்டு. நிறங்களை உள்ளபடி காட்டும் சக்திக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்பது அது. 90க்கு மேல் இருந்தால் நல்லது. மலிவு விளக்குகள் பழுப்பிலுள்ள சிவப்பைத் தின்றுவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் விளக்கு, அப்புறம் வர்ணம். வேண்டிய நிறத்தில் சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள வெள்ளை அட்டையில் இரண்டு தடவை பூசுங்கள். அட்டையின் ஓரம் வரைக்கும் பூச வேண்டும். வெள்ளைக் கரை விட்டால் அது கண்ணை ஏமாற்றும். அதைச் சுவரில் சாத்திவைத்துக் காலையில் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை பாருங்கள். இரண்டு நாள் பொறுமை போதும்.

தரையும் கதவும்

தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் அதே நிறச் சுவர் வந்தால் கதவு காணாமற்போய்விடும். நல்ல விலை கொடுத்து இழைத்து வார்னிஷ் அடித்த மரத்தை மறைக்கவா வர்ணம் பூசுகிறோம்? சுவர் கதவைவிட இரண்டு படி வெளுப்பாகவோ, இரண்டு படி ஆழமாகவோ இருக்கட்டும். கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதுதான் மோசம்.

சிவப்புச் சிமெண்டுத் தரை உள்ள பழைய வீட்டில் செம்பழுப்புச் சுவர் அதிகப்படி. அங்கே சுவர் வெள்ளையாக இருந்தால்தான் தரைக்கு மரியாதை. நம் பெரியவர்கள் அப்படித்தான் வைத்தார்கள். பழுப்பைத் தரையிலும் தூணிலும் கதவிலும் வைத்துவிட்டுச் சுவரைச் சுண்ணாம்புக்கு விட்டார்கள். வெளிச்சம் கெடாமல் பழுப்பை அனுபவிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைய வீடுகளில் நிலைமை தலைகீழ். தரை வெள்ளை டைல்ஸ், கதவு பிளைவுட். ஆகவே பழுப்பு சுவருக்கு ஏற வேண்டியிருக்கிறது.

மேல்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும். ஆனால் நீலம் போட்ட பளீர் வெள்ளை வேண்டாம். பழுப்புக்குப் பக்கத்தில் அது கத்தும். தந்த நிறம் கலந்த வெள்ளை போதும்.

எதில் கலப்பது?

சுண்ணாம்பில் காவி கலந்து அடிப்பது பழைய முறை. வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றுவார்கள், கையில் ஒட்டாமல் இருக்க. மலிவு, குளிர்ச்சி, சுவரும் மூச்சு விடும். ஆனால் இதில் ஆழ்ந்த பழுப்பு வராது. ஈரத்தில் ஆழமாகத் தெரியும், காய்ந்ததும் வெளுத்துவிடும். காவியை அதிகம் போட்டாலோ சுண்ணாம்பின் பிடிப்புக் குறைந்து, தொட்டால் உதிரும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெளுத்த மண்பானை நிறம் போதும் என்பவர்களுக்கு இது நல்ல முறை.

டிஸ்டம்பரை ஆழ்ந்த நிறத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எமல்ஷன் பூசுவதானால், மினுமினுப்பே இல்லாத ரகத்தில் ஒரு சங்கடம் உண்டு: கை, நாற்காலி முதுகு, பள்ளிக்கூடப் பை உரசிய இடமெல்லாம் பளபளப்புக் கோடு விழும். வெள்ளைச் சுவரில் இது தெரியாது. பழுப்பில் நன்றாகத் தெரியும். நடமாட்டமுள்ள இடத்தில் லேசான மினுமினுப்பு உள்ளதை வாங்குங்கள். முழுப் பளபளப்பு வேண்டாம். அது தாலுகா ஆபீஸ்!

'பழுப்பு அழுக்குத் தாங்கும்' என்று சொல்வார்கள். கை அழுக்கைத் தாங்கும். ஒட்டடையைத் தாங்காது, தூசியைத் தாங்காது, சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தால் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதுபோல் ஊர் முழுக்கத் தெரியும். ஓதம் உள்ள சுவராக இருந்தால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். வர்ணத்தால் ஓதத்தை மூட முடியாது. புதுச் சிமெண்டுப் பூச்சு நன்றாகக் காய்வதற்கு முன் அவசரப்பட்டு அடித்தாலும் இதே கதிதான்.

பழைய பூச்சைச் சுரண்டுமுன்

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கலர் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது.

பழைய வீடுகளில் கதவு, ஜன்னல், கம்பி, சுவரின் கீழ்ப்பாகம் இவற்றில் இருக்கும் பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். மஞ்சளும் ஆரஞ்சும் பளிச்சென்று வருவதற்கு ஈயச் சரக்கைச் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். இரும்புக் கம்பிக்கு முதல் பூச்சாக 'ரெட் லெட்' என்று பெயின்ட்டர்கள் சொல்லும் ஈயச் செந்தூரத்தையே அடிப்பார்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் 2016இல் விதி செய்தது. உற்பத்தியாளர்களுக்கு அது 2017 நவம்பரிலிருந்து அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியது எதுவானாலும் சந்தேகத்துக்கு உரியதே.

சுவரில் இருக்கும் வரையில் அது சும்மா இருக்கும். உப்புத் தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் வினை. தூள் பறந்து தரையில் படியும். தவழும் குழந்தை கையை ஊன்றும், வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். படிப்பும் புத்தியும் மந்தமாகும். போன சக்தி திரும்பி வராது. எவ்வளவு குறைந்த அளவும் பத்திரமானதல்ல என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு.

ஆகையால் பழைய எண்ணெய்ப் பெயின்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். கழுவித் துடைத்து, அதன்மேல் பிடிக்கக்கூடிய பிரைமர் போட்டுப் பூசிவிடுங்கள். உதிர்கிறது என்றால், தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பு வைத்து உரிக்கும் வேலையே கூடாது. புகையிலும் ஈயம் வரும். வேலை நடக்கும் அறையில் சாமான்களை வெளியேற்றி, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டும்.

பெயின்ட்டருக்கும் இதைச் சொல்லுங்கள். தினமும் இந்தத் தூளில் நிற்பவர் அவர். மூக்குக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் அவருடைய குழந்தைக்கும் அதே ஆபத்து. உங்கள் குழாயடியிலேயே கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போகச் சொல்லலாம். புதிதாக வாங்கும் டப்பாவிலும் ஈயம் சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கணக்கு

எத்தனை லிட்டர் வேண்டும் என்பதைச் சுவரின் நீளத்தை உயரத்தால் பெருக்கி, கதவைக் கழித்துக் கண்டுகொள்ளலாம். மூன்றடிக்கு ஏழடிக் கதவு ஒன்று 21 சதுர அடி. லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்பது டப்பாவிலேயே இருக்கும். இரும்புப் பழுப்புகள் நன்றாக மறைக்கும் சரக்கு. வெள்ளைச் சுவர்மேல் இரண்டு தடவை பூசினால் பெரும்பாலும் போதும். பிற்பாடு அதே பழுப்புச் சுவரை வெள்ளைக்குத் திருப்ப வேண்டுமானால்தான் கஷ்டம்: பிரைமர் போட்டு மூன்று தடவையாவது பூச வேண்டியிருக்கும்.

ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். மெஷினில் கலந்தாலும் இன்றைய டப்பாவுக்கும் அடுத்த மாத டப்பாவுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரலாம். ஆழ்ந்த நிறத்தில் அந்த மயிரிழை தெரியும். மிஞ்சியதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், ஆணி அடித்த இடத்தைச் சரிசெய்ய உதவும். மூடியில் ஒட்டியிருக்கும் கலர் நம்பரை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதியையும் சேர்த்து.